அச்சு தெரிகிறது, பென்சில் தெரியவில்லை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் மணி அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இனிமேலும் எடுக்க மாட்டேன். பேச்சு என்றால் பாதியில் "சரி விடுங்க அக்கா" என்று நழுவிவிடுவாய். எழுது. எழுத்தில் இருந்தால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சித்தி மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வியாழக்கிழமை திரும்பினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த நீ, சாவியை மாடிவீட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டு அதற்கு முந்தின நாளே கிளம்பியிருந்தாய். வீடு சுத்தமாக இருந்தது. பூனை கொழுத்திருந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு தகரப் பெட்டியைத் திறந்தேன். நாற்பத்தைந்து வருடமாகச் சேர்த்த சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் கதைவசனப் புத்தகங்களும் அதில்தான் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். புதுக் கண்ணால் முதலில் அவற்றைத்தான் பார்ப்பது என்று கட்டிலில் கிடந்தபோதே தீர்மானித்திருந்தேன்.

முதல் புத்தகம். பாட்டு தெரிந்தது. அட்டையில் கதாநாயகியின் காதுத் தோட்டில் இருக்கும் கல்கூடத் தெரிந்தது. ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியது மட்டும் தெரியவில்லை. இரண்டாவது புத்தகத்திலும் தெரியவில்லை. பத்தாவதிலும் தெரியவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேஷன் கெட்டுவிட்டது என்றே முடிவு செய்தேன். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு டாக்சி பிடித்துக் கண் டாக்டரிடம் ஓடினேன்.

"டாக்டர், அச்சு தெரியுது, பென்சில் தெரியல."

"என்னம்மா சொல்றீங்க?"

"அச்சு நல்லா தெரியுது. பென்சில்ல எழுதுனது மட்டும் தெரியல. அப்படி ஒரு வியாதி இருக்கா?"

அவர் தன் மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, சீட்டில் ஏதோ எழுதிக் காட்டினார். "இது தெரியுதா?"

"தெரியுது. கையெழுத்துதான் கேவலமா இருக்கு."

"அப்ப கண்ணு நல்லா இருக்கும்மா. புத்தகத்தைத்தான் போய்ப் பாருங்க."

வெளியில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு கைப்பிடி ரப்பர் துகள்.

என்ன செய்தாய்?

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கண் நன்றாக இருக்கிறது என்று அறிந்தது பெரிய ஆறுதல். மற்றதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆமாம், நான்தான். திரும்பி வந்ததும் நீங்களே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் பெட்டியைத் திறந்ததும் போன் செய்வீர்கள் என்று காத்திருந்து, பொறுக்க முடியாமல் நானே செய்தேன்.

மார்ச் இருபதாம் தேதி பொது நூலகத்து அம்மாள் பார்க்க வருகிறார், ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுத்துத் தனி அலமாரியில் வைப்பார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் வருவதற்குள் தூசி தட்டி வைக்கலாமே என்று பெட்டியைத் திறந்தேன். மன்னிக்க வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கல்.

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். பென்சில் கோடு தெரிகிற தாளை எங்கள் தலைமை வரைவாளரிடம் கொண்டுபோனால் அவர் பார்க்காமலே திருப்பித் தருவார். "வேலையே முடியலையே, அதுக்குள்ள எதுக்குக் கொண்டு வந்தே?" என்பார். மையில் போட்டதுதான் எங்களுக்கு வேலை. பென்சில் என்பது கட்டிடத்துக்குக் கட்டிய சாரம். கட்டிடம் எழுந்ததும் அதைப் பிரித்துவிட வேண்டும்.

மெத்தென்ற ரப்பர் வாங்கினேன். தாள் பழையது என்பதால் ஒரே திசையில்தான் தேய்த்தேன், தூரிகையால் தட்டினேன். ஒரு நாளைக்கு இருபத்தாறு புத்தகம், பன்னிரண்டு நாள். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஒரு வரிகூடப் படிக்காமல்தான் அழித்தேன்.

நீங்கள் பாராட்டுவீர்கள் என்று நினைத்தேன் அக்கா. அவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

ஒரு வரி படித்திருந்தால் அழித்திருக்க மாட்டாய். படிக்கவில்லை என்பதை வேறு பெருமையாக எழுதியிருக்கிறாய்.

நீ பெரிய படிப்புப் படித்தவன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தது அந்தப் பெட்டிதான். பாட்டு ரேடியோவில் கேட்டு மனப்பாடம். புத்தகத்தை மடியில் விரித்து, வாயில் வருகிற சொல்லுக்கும் தாளில் இருக்கிற எழுத்துக்கும் முடிச்சுப் போட்டுப் போட்டு நானே படித்தேன். யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

பிறகு தையல் கடை போட்டேன். வருகிறவள் ஒவ்வொருத்தியும் அட்டைப் படத்தைக் காட்டி, "இவ போட்டிருக்கிற மாதிரி கை வேணும், இதே கழுத்து வேணும்" என்பாள். படத்தில் இருப்பவள் கம்பு மாதிரி இருப்பாள், வந்தவள் என்னைப் போல் இருப்பாள். அவளுக்கு இதை எப்படி வெட்டினால் பொருந்தும் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுப் படம் வரைவேன். யாருக்கு, என்ன துணி, எந்தத் தேதி, முதல் தடவை எங்கே பிடித்தது, எப்படிப் பிரித்துத் தைத்தேன், எல்லாம் அதில் இருந்தது. கதைச் சுருக்கம் நட்ட நடுவில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் இல்லையா, படம் பார்த்துவிட்டு வந்து அதற்குக் கீழே மீதியையும் எழுதிவைப்பேன். "கடைசியில் இரண்டு பேரும் சாகிறார்கள். வில்லன் திருந்துகிறான். இனி யாருக்காகத் திருந்துகிறான்?" இப்படி.

ஏன் மையில் எழுதவில்லை என்று கேட்பாய். முதல் புத்தகத்தில் எழுதினேன். அது மட்டமான தாள், மை ஊறிப் பின்பக்கப் பாட்டு முழுவதும் கறையாகிவிட்டது. அதிலிருந்து பென்சில்தான், அதுவும் அழுத்தி. உனக்கு அது சாரம். எனக்கு அதுதான் கட்டிடம்.

அந்த நூலகத்து அம்மாள் போன மாதம் வந்து மூன்று புத்தகம் மட்டும் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் புத்தகமெல்லாம் எங்ககிட்டயும் இருக்கும்மா. இந்த ஓரம்தான் எங்ககிட்ட இல்ல." அதற்காகத்தான் தனி அலமாரி. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைக்கு வேறு சாட்சி கிடையாது. தைத்ததெல்லாம் கிழிந்திருக்கும். போட்டவர்களில் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

வெள்ளைத் தாளைக் காட்ட அவரை எதற்கு வரவழைப்பது? வர வேண்டாம் என்று கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் தபாலில் போடுவேன்.

இன்னொன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டும். எண்ணினேன். முந்நூற்றுப் பதினொன்றுதான் இருக்கிறது. அழித்தது போதாமல் திருடவும் ஆரம்பித்துவிட்டாயா?

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

திருடியதும் நான்தான்.

மன்னிப்புக் கேட்பதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடாதீர்கள். புத்தகங்களின் மேல் எதையும் கனமாக வைக்காதீர்கள். முக்கியமாக இஸ்திரி போட்டுவிடாதீர்கள். காரணம் கீழே.

கிளம்புகிற அன்று ஒரு புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். கதாநாயகன் கப்பல் தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அட்டை. வேலைக்கு இன்டர்வியூ போகும்போது அந்தச் சட்டைதான் வேண்டும் என்று உங்களை எத்தனை நாள் பிடுங்கினேன்! கேட்டால் கொடுத்திருப்பீர்கள். கேட்கத் தோன்றவில்லை. இந்த வயதில் இது என்ன புத்தி என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் திருப்பி அனுப்பலாம் என்று அதை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. வெற்று ஓரத்தில் நிழல் நிழலாக ஏதோ ஓடியது. புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். அக்கா, எழுத்துதான் போயிருக்கிறது, பள்ளம் போகவில்லை. துணியில் சாக்கட்டியை அழுத்துகிற கை உங்களுடையது, தாளில் உழுதுவைத்திருக்கிறீர்கள். பழைய வரைபடங்களில் அழித்த கோட்டை இப்படித்தான் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக் கண்டுபிடிப்போம். அது என் மண்டையில் உறைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

படித்தேன். இந்த முறை படித்தேன். அப்படியே எழுதுகிறேன்:

"தம்பிக்கு இன்டர்வியூ சட்டை. மார்பு 34. இடது தோள் அரை அங்குலம் தாழ்வு. உள்ளே பட்டை வைத்து ஏற்று. அவனிடம் சொல்லாதே, நடையே மாறிவிடும்."

அறுபத்தாறு வயதில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். தாழ்ந்துதான் இருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"என் தோள் கோணலா இருக்கா?"

"இடது பக்கமா? ஆமா. கல்யாணத்தன்னைக்கே பார்த்தேனே."

"ஏன் சொல்லல?"

"உங்க அக்காதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நான் வரட்டுமா? விளக்கு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். தாளைத் தொட மாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. நீ தேய்த்ததில் தாள் ஓரமெல்லாம் சுருண்டு போயிருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. நான்கு புத்தகத்தை அதற்குள் போட்டு முடித்துவிட்டேன். ஐந்தாவதை விரித்துவைத்திருந்தேன். அந்த நான்கும் சலவைச் சட்டை மாதிரி இருக்கின்றன, ஒரு பள்ளமும் இல்லை. இஸ்திரி போட்டது நான். ஆனால் நீ தேய்க்காவிட்டால் தாள் சுருண்டிருக்காது, சுருளாவிட்டால் நான் இஸ்திரி போட்டிருக்க மாட்டேன். ஆகவே அதுவும் உன் கணக்கில்தான்.

மாடிவீட்டு நர்ஸைக் கூப்பிட்டு டார்ச்சை மேசையோடு மேசையாகப் பிடிக்கச் சொன்னேன். வந்தது. முதலில் ஒரு பஃப் கை, பிறகு அதன் அளவு, பிறகு "இவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், அளவு எடுக்க விட மாட்டேன் என்கிறாள்" என்ற வரி. நர்ஸ் சிரித்தாள். "யாரும்மா இது?" என்றாள். எனக்கு ஆள் ஞாபகம் வந்தது, அவள் போட்டிருந்த பச்சைச் சட்டை ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று அதற்கும் நர்ஸ் திட்டினாள்.

ஆறு வாரம் தலையைக் குனியக் கூடாதாம். பொடி எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற கண்ணாடி அதற்குப் பிறகுதானாம். நர்ஸுக்கு டியூட்டி இருக்கிறது. வேறு ஆள் இருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன்.

வா. வரும்போது ரப்பர் என்ற பொருள் உன் பையில் இருக்கக் கூடாது, திறந்து பார்ப்பேன். நீ தரையில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துப் படி, நான் நிமிர்ந்து உட்கார்ந்து சரியா தப்பா என்று சொல்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் எழுது, என் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட வைக்காதே. திருடியதைக் கொண்டுவா. உன் தோளைப் பற்றி என்னிடம் பேச்செடுக்காதே.

நூலகத்துக்கு எழுதிய கடிதம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் நிமிர மறுக்கின்றன. பதினான்கு நாள் தரையில் உட்கார்ந்தது இந்த உடம்புக்குப் புதிது.

முந்நூற்று எட்டுப் புத்தகம், நான்கு நோட்டு. நான் படிக்கப் படிக்க நீங்கள் "தப்பு, அது பதினொண்ணு இல்ல, பதினொண்ணரை" என்று கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை வீட்டில் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறார்கள். பாதி இடங்களில் நான் படிப்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் என்னை எதற்குத் தரையில் உட்காரவைத்தீர்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

நூலகத்து அம்மாள் பார்வையிட வருவதற்கு முன்பே நான் ஏன் கிளம்பினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பேத்திக்குப் பரீட்சை என்றேன். பேத்திக்குப் பரீட்சை அடுத்த மாதம்தான். அந்த அம்மாள் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. "யார் இதைச் செய்தது?" என்று அவர் கேட்டால் நான் எங்கே பார்ப்பது?

ஒரு வேண்டுகோள். அப்படிக் கேட்டால், காலத்தில் மங்கிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். பெரிய பொய் ஆகாது. எல்லாமே காலத்தில்தானே நடந்தது?

அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள். எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

பரீட்சை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் பேத்தி முந்தின வாரமே சொல்லிவிட்டாள்.

நேற்று வந்தார்கள். அந்த அம்மாளும், கூடவே கண்ணாடி போட்ட ஒருவரும். நீ சொன்ன மாதிரி விளக்கைத் தாழ்த்தி வைத்திருந்தேன். முதல் புத்தகத்தை விரித்ததும் அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது, எல்லாம் எங்கே?" என்றார். விளக்கைப் போட்டேன். உன் நோட்டைப் பக்கத்தில் விரித்தேன்.

கண்ணாடிக்காரர் நோட்டைப் படிக்க, அந்த அம்மாள் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நடுவில் கண்ணாடிக்காரர் ஓரிடத்தில் நின்று, "'இந்தப் படத்தில் கதை கிடையாது, கழுத்து நன்றாக இருக்கிறது.' இதுவும் நீங்க எழுதுனதா?" என்றார். "வேற யாரு எழுதுவா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எடுத்துக்கொள்கிறார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டும், நான்கு நோட்டும். தனி அலமாரி, சாய்வு விளக்கோடு. பார்க்க வருகிறவர்கள் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்து எழுத்து எழும்புமாம். அழியாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு பேர் நின்று பார்க்க மாட்டார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். அதைக் கேட்டு நீ துள்ள வேண்டாம். அவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு படிவம் எடுத்தார். ஒவ்வொரு தொகுப்புக்கும் பழுது என்று ஒரு பத்தி இருக்கிறது, என்ன பழுது, எப்படி வந்தது என்று எழுத வேண்டுமாம்.

"வயசான தாள், மங்கிப்போச்சுன்னு போட்டுடவாம்மா?" என்றார். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டார். தலையாட்டினால் போதும்.

"போடாதீங்க. என் தம்பி அழிச்சான்."

"வேணும்னா?"

"சுத்தம் பண்றேன்னு. பன்னிரண்டு நாள் உட்கார்ந்து அழிச்சான்."

"சரி, குடும்பத்தில் ஒருவர்னு போடுறேன்."

"குடும்பத்துல எத்தனையோ பேர். அவன் பேரைப் போடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார். பேனாவை மூடப் போனார். "மூடாதீங்க, இன்னும் இருக்கு. பதினாலு நாள் தரையில உட்கார்ந்து அவனே எல்லாத்தையும் படிச்சு எடுத்தான். அதுக்கும் பேரைப் போடுங்க" என்றேன். போட்டார்.

"இந்த நாலு புத்தகத்துல ஒண்ணுமே தெரியலையேம்மா?"

"அது நான். இஸ்திரி போட்டுட்டேன்."

"அதையும் எழுதணுமா?"

"பின்னே? அவன் செஞ்சதை எழுதிட்டு நான் செஞ்சதை விட்டா எப்படி?"

இஸ்திரியை உன் கணக்கில் எழுதியிருந்தேன் அல்லவா, அதை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்று காலை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மத்தியானம் படுத்தவள் நாலு மணிவரை தூங்கியிருக்கிறேன். இந்த ஒன்றரை மாதத்தில் இப்படித் தூங்கியதில்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அலமாரியைத் திறந்துவைக்கிறார்கள். பேத்தி பரீட்சை அதற்குள் முடிந்துவிடும், விசாரித்துவிட்டேன். முன்வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி உனக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்தப் படிவத்தை அவர்கள் சபையில் வாசிப்பார்களாம். வாசித்தால் யார் அந்தத் தம்பி என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீ எழுந்து நில்.

அக்கா